தவணையில் வந்த சத்தம்

1959. லண்டனில் இரண்டு பையன்கள் ஒரு கேட்லாக்கைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கிளிஃப் ரிச்சர்ட். லக்னோவில் பிறந்து, சுதந்திரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். அதற்குள் நாடறிந்த பாடகர் ஆகிவிட்டார். இன்னொருவர் அவருக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கும் ஹேங்க் மார்வின். வயது 17. கேட்லாக் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனியுடையது.

அவர்களுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட சத்தம். ரிக்கி நெல்சன் என்ற அமெரிக்கப் பாடகரின் ரெக்கார்டுகளில் ஒரு கிட்டார் வரும். ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து வளைத்துப் பேசும். வாசித்தவர் ஜேம்ஸ் பர்ட்டன். அவர் கையில் இருப்பது ஃபெண்டர் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். எந்த ஃபெண்டர்? அது தெரியாது. கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை.

அப்ப என்ன பண்றது? ரொம்ப எளிமையாக யோசித்தார்கள். அவ்வளவு நல்லா வாசிக்கிறவர் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் வைத்திருப்பார். கேட்லாக்கில் அப்படி அவர்கள் தேர்ந்தெடுத்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். சிவப்பு உடல், தங்க முலாம் பூசிய உலோகப் பாகங்கள். கிளிஃப் பணம் போட்டு வரவழைத்தார். பிரிட்டனில் ஒரு வாசிப்பாளர் கைக்கு வந்த முதல் ஸ்ட்ராட் இதுதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

ஜேம்ஸ் பர்ட்டன் வைத்திருந்தது டெலிகாஸ்டர். அதே கம்பெனியின் விலை குறைந்த கிட்டார். போதாததற்கு அவர் மெல்லிய பான்ஜோ கம்பிகளை மாட்டியிருந்தார். அந்த வளைவின் ரகசியத்தில் பாதி அந்தக் கம்பிதான். லண்டனில் கிடைத்ததெல்லாம் தடித்த கம்பி. விரலால் இழுத்தால் வளையாது. ஆனால் தப்பாக வந்த கிட்டாரில் டெலிகாஸ்டரில் இல்லாத ஒன்று இருந்தது: பாலத்தில் செருகிய ஒரு கைப்பிடி. அதை அமுக்கினால் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து தளர்ந்து சுரம் நடுங்கும். ஹேங்க் விரலால் செய்ய முடியாததைக் கைப்பிடியால் செய்தார். 1960-இல் அவருடைய ஷேடோஸ் குழு 'அபாச்சி' என்ற வாத்திய இசையை வெளியிட்டது. அது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. பிறகு பத்து வருஷத்துக்கு அந்த நாட்டில் கிட்டார் எடுத்த பையன்களில் பாதிப்பேர் முதலில் வாசிக்கப் பார்த்தது அதைத்தான்.

'எந்தக் கிட்டார் வாங்கலாம்?' என்று இன்று யார் கேட்டாலும் பதில்கள் கொட்டும். இன்ன பாட்டு வேணும்னா இது, இன்ன ஆளோட டோன் வேணும்னா அது என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பாதி, 1955-க்கும் 1966-க்கும் இடையில் பிரிட்டனில் நடந்த கொள்முதல்களிலிருந்து வந்தது. அந்தக் கொள்முதல்கள் எப்படி நடந்தன என்று பார்த்தால், பட்டியல் மேல் இருக்கும் பக்தி கொஞ்சம் குறையும்.

டாலர் இல்லாத நாடு

போரில் ஜெயித்த பிரிட்டன் கையில் காசு இல்லாமல் நின்றது. 1949-இல் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கினார்கள். ரேஷன் 1954 வரை நீடித்தது. கறி வாங்கவே அட்டை தேவைப்பட்ட நாட்டில் அமெரிக்க வாத்தியம் வாங்க அரசு டாலர் கொடுக்குமா? கொடுக்கவில்லை. அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதி ஐம்பதுகளின் பெரும்பகுதியில் முடக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாடு தளர்ந்தது 1959-இல்.

ஆனால் ரெக்கார்டுகள் வந்தன, சினிமா வந்தது. 1956-இன் தொடக்கத்தில் லானி டானகன் 'ராக் ஐலண்ட் லைன்' பாட்டில் மூன்று கார்டுகளை வைத்துக்கொண்டே ஒரு நாட்டை ஆட்டிக் காட்டினார். அந்த வகைக்கு ஸ்கிஃபிள் என்று பெயர். ஒரு கிட்டார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுச் செய்த பேஸ், இவ்வளவுதான் முதலீடு. தெருவுக்குத் தெரு குழு முளைத்தது. அடுத்த ஆண்டு பெர்ட் வீடன் எழுதிய 'ஒரே நாளில் வாசிக்கலாம்' என்கிற மாதிரியான பாடப்புத்தகம் வந்தது. பின்னாளில் பெயர் பெற்ற பலர் அதை வைத்துத்தான் தொடங்கினார்கள்.

1957-இன் கடைசியில் பட்டி ஹாலியின் குழு வெளியிட்ட ஆல்பத்தின் அட்டையில் அவர் ஒரு ஸ்ட்ராட்டோடு நிற்கிறார். அந்தக் கிட்டாரை எந்தக் கடையிலும் பார்க்க முடியாது. 1958 மார்ச்சில் ஹாலி பிரிட்டனுக்கே வந்து மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் அதை வாசித்துவிட்டுப் போனார். பையன்களுக்கு அதன் வடிவம் மனப்பாடம். கையில் எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை. ஆசை ஒரு நாட்டிலும் சரக்கு இன்னொரு நாட்டிலும் இருந்த காலம் அது.

எதைத் தேர்ந்தெடுக்கிறோம்?

இங்கே கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைப் பெரிதாக்குவது மரப்பெட்டி இல்லை. கம்பிகளுக்கு அடியில் காந்தம் இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடும். இதற்குப் பெயர் பிக்கப். எஃகுக் கம்பி காந்தத்தின் மேல் அதிரும்போது செம்புச் சுருளில் சின்ன மின்னோட்டம் பிறக்கிறது. வயர் வழியாக அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ப் பெரிதாகி ஸ்பீக்கரில் சத்தமாகிறது. ஆக, நாம் கேட்பது கிட்டார் பாதி, ஆம்ப் பாதி.

பெட்டி தேவையில்லை என்றால் கட்டையே போதுமே? கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் அதைத்தான் செய்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கழற்றி மாட்டுகிற பொருளாக மட்டும் அதைப் பார்த்தார். தட்டையான பலகை, நான்கு திருகில் மாட்டிய கழுத்து. பழுதானால் திருகைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். 1950-இல் வந்த அந்தக் கிட்டார் அடுத்த வருஷம் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. கைப்பிடியோடு அமெரிக்காவில் அதன் விலை 249.50 டாலர்.

பிரிட்டனில் அந்த மாதிரிக் கிட்டார் வர ஆரம்பித்தபோது நூறு பவுண்டைத் தாண்டியது. 1960-இல் அங்கே உடலுழைப்பு செய்த ஓர் ஆணின் சராசரி வார வருமானம் சுமார் 14 பவுண்ட். ஒரு குடும்பத்தலைவர் ஏழு வாரம் உழைத்து, சாப்பிடாமல் வாடகை கொடுக்காமல் இருந்தால் ஒரு ஸ்ட்ராட் வாங்கலாம். அவருடைய மகன் என்ன செய்வான்?

கையெழுத்து

மகன் தவணைக்குப் போனான். இன்று நாம் இ.எம்.ஐ. என்று சொல்வதன் தாத்தா அது. முன்பணம் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம், வாரா வாரம் கட்ட வேண்டும், கட்டி முடிக்கும் வரை பொருள் கடைக்காரருடையது. ஒரு சிக்கல். பிரிட்டனில் சட்டப்படி ஒருவர் மேஜராக அப்போது 21 வயது ஆக வேண்டும். அது 18 ஆனது 1970-இல்தான். ஆகவே 16 வயதுப் பையன் தவணை எடுக்கப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ராக் இசை பெற்றோருக்கு எதிரான கலகம் என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். கலகத்தின் ஜாமீன்தாரர் பெரும்பாலும் வீட்டில்தான் இருந்தார். எரிக் கிளாப்டனின் முதல் எலக்ட்ரிக் கிட்டார் கே கம்பெனியுடையது. அவரை வளர்த்த தாத்தாவும் பாட்டியும் அதைத் தவணையில் எடுத்துக் கொடுத்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனின் முதல் கிட்டார், பள்ளித் தோழன் ஒருவனிடமிருந்து வாங்கிய பழைய எக்மண்ட். விலை 3 பவுண்ட் 10 ஷில்லிங், காசு அம்மாவுடையது. அதன் கழுத்தைப் பிடித்திருந்த திருகை ஜார்ஜ் கழற்றிப் பார்க்க, மறுபடி மாட்டத் தெரியவில்லை. இரண்டு துண்டாக அலமாரிக்குள் கிடந்ததை அண்ணன்தான் ஒட்டவைத்துக் கொடுத்தார். ஜான் லெனனை வளர்த்த பெரியம்மா மிமி, கிட்டாரை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். 1959-இல் லிவர்பூலின் ஹெஸ்ஸி கடையில் ஜானுக்கு ஹாஃப்னர் கிளப் 40 எடுக்கத் துணைநின்றவரும் அவர்தான்.

அந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். தவணை வியாபாரத்தில் முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை அரசு உத்தரவு போட்டுக் கட்டுப்படுத்தி வந்தது. மக்கள் அதிகம் வாங்கினால் விலைவாசி ஏறும் என்ற பயம். 1958 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். 1960 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தார்கள். நடுவில் ஒன்றரை வருஷம் கதவு திறந்திருந்தது. ஜான் ஹாஃப்னர் எடுத்தது அந்த இடைவெளியில். ஜார்ஜ் அதே கடையில் ஃப்யூச்சுராமா என்ற எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்ததும் அதே இடைவெளியில். கருவூல அதிகாரி எவரும் பீட்டில்ஸை மனதில் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஆனாலும் அந்த உத்தரவுக்கு இசை வரலாற்றில் ஒரு மூலையாவது கொடுக்க வேண்டும்.

பின்னாடி பிரையன் எப்ஸ்டீன் பீட்டில்ஸுக்கு மேனேஜராக வந்தபோது அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஹெஸ்ஸி கடை பாக்கியை அடைத்தது.

எல்லையின் இரண்டு பக்கம்

ஃப்யூச்சுராமா எங்கே செய்தது? செக்கோஸ்லோவாக்கியாவில், கம்யூனிச ஆட்சியில். சொந்தப் பெயர் கிராசியோசோ. லண்டனின் செல்மர் கம்பெனி இறக்குமதி செய்து பெயரை மாற்றியது. பார்க்க ஸ்ட்ராட் சாயல், மூன்று பிக்கப். ஜார்ஜ் அதை எடுத்ததற்கு அந்தச் சாயல்தான் காரணம். வாசிக்கக் கஷ்டமான கிட்டார் என்று பின்னாளில் அவரே சொன்னார். அமெரிக்காவிலிருந்து வாங்க டாலர் வேண்டும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வாங்க அந்தப் பிரச்சினை இல்லை. பனிப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, அமெரிக்கக் கனவு கண்ட லிவர்பூல் பையனின் கைக்குக் கம்யூனிச நாட்டு மரவேலை வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஹாஃப்னரின் கதை அதே எல்லையின் மறுபக்கம். கார்ல் ஹாஃப்னர் 1887-இல் ஷோன்பாக் என்ற ஊரில் தொழிலைத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாக வயலின் செய்தவர்களின் ஊர் அது. ஜெர்மன் பேசும் ஊர், ஆனால் பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்தது. போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானியர்கள் துரத்தப்பட்டார்கள். அவர்களில் வயலின்காரர்கள் பலர் பவேரியாவில் பூபன்ராய்ட் என்ற குக்கிராமத்தில் குடியேறி, பட்டறைகளை முதலிலிருந்து கட்டினார்கள். அகதிகளின் கைத்தொழில். 1950-களின் நடுவில் வால்டர் ஹாஃப்னர் ஒரு எலக்ட்ரிக் பேஸ் வடிவமைத்தார். வயலின் செய்த குடும்பத்துக்கு வேறென்ன வடிவம் தோன்றும்? வயலின் உருவத்திலேயே செய்தார்.

1961-இல் ஹாம்பர்க்கில் வாசித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாமல் போனது. பொறுப்பு பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. ஃபெண்டர் பேஸ் சுமார் 100 பவுண்ட். வயலின் பேஸ் சுமார் 30. கையில் இருந்த காசு எதற்கு எட்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கூடுதலாக ஒரு காரணம், பால் இடதுகைக்காரர். சாதாரண கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் கோணலாகத் தெரியும். வயலின் உருவம் இரண்டு பக்கமும் ஒன்று, திருப்பினாலும் அசிங்கமாக இல்லை. ஆக, உலகத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட பேஸைத் தேர்ந்தெடுத்த காரணங்கள் இரண்டு. விலை குறைவு, பார்க்க ஒழுங்காக இருக்கிறது. சத்தம் அந்தப் பட்டியலில் முன்னால் வரவில்லை. உள்ளே குழிவான உடல், எடை குறைவு. கழுத்தின் மேலே ஓடி விளையாடலாம். அந்த லேசான உடலும் உருண்டையான நாதமும் பாலின் வாசிப்போடு பிறகு ஒன்றாகிப் போயின.

அந்தப் பேஸ் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பது வருஷம் கழித்துத் தேடிக் கண்டுபிடித்து அவரிடமே சேர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் அது செய்தியாக வந்தது.

மறுபாதி

கிட்டாராவது எப்படியோ கிடைத்தது. ஆம்ப்? அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் கிட்டாரை விடக் கனவு.

லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம் ஆசிரியர் 1960-இல் ஒரு வாத்தியக் கடை திறந்தார். டிரம்மர்களோடு வந்த கிட்டார் பையன்கள் நச்சரித்தார்கள். எங்களுக்கும் ஏதாவது செய்யுங்க, இறக்குமதி ஆம்ப் வாங்க முடியல. ஒரு ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பை முன்மாதிரியாக வைத்துக் கடையின் ரிப்பேர்காரர்கள் 1962-இல் ஒன்றைச் செய்தார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அதே. ஆனால் அமெரிக்கப் பாகங்கள் கிடைக்காத இடத்திலெல்லாம் உள்ளூரில் கிடைத்ததைப் போட்டார்கள். ஸ்பீக்கர் வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேறு, பிறகு வால்வும் வேறு. விளைவு, நகல் மூலத்தைப் போல ஒலிக்கவில்லை. சத்தத்தை ஏற்றினால் கரகரவென்று உடைந்தது. அந்த உடைசலுக்காகவே மக்கள் வாங்க ஆரம்பித்தார்கள்.

வட லண்டனில் டேவ் டேவிஸ் என்ற பதின்வயதுக்காரரிடம் எல்பிகோ என்ற சின்ன ஆம்ப் இருந்தது. அதன் சத்தம் பிடிக்காமல் பிளேடால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் கிழித்தார். கிழிசல் அதிர்ந்து உறுமியது. அதைப் பெரிய ஆம்போடு இணைத்துக்கொண்டார். 1964-இல் கிங்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' முதலிடத்துக்குப் போனபோது ஊரே கேட்டது அந்தக் கிழிந்த காகிதத்தை. பிறகு அதே விளைவுக்காகக் காலால் மிதிக்கும் பெட்டிகள் கடை கடையாக விற்றன. இன்றும் விற்கின்றன.

இன்னும் ஒரு வீடு. 1963 ஆகஸ்டில் பிரையன் மேக்கு 16 வயது. ஸ்ட்ராட் வேண்டும், காசு இல்லை. அப்பா ஹெரால்டுக்கு மின்னணுவியலும் தெரியும் மரவேலையும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். கழுத்துக்கு ஒரு பழைய வீட்டின் கணப்படுப்புச் சட்டம். அதில் புழு அரித்த ஓட்டைகள் இருந்தன, அடைத்துக்கொண்டார்கள். உடலுக்குப் பழைய மேஜையின் ஓக் மரம். சுரத்தை நடுங்கவைக்கும் கைப்பிடிக்கு மோட்டார்சைக்கிள் வால்வு ஸ்பிரிங். கழுத்தின் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த பட்டன். பிக்கப்பை மட்டும் கடைசியில் பர்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். வேலை முடிய சுமார் இரண்டு வருஷம் ஆனது. குவீன் குழுவின் ஆல்பங்களில் கேட்பது அந்தக் கிட்டார். 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்று பிரையன் வாசித்ததும் அதுதான்.

விலைபோகாத கிட்டார்

கதை எதிர்த்திசையிலும் நடந்தது. அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 1952-இல் லெஸ் பால் என்ற வாசிப்பாளரின் பெயரில் ஒரு கிட்டாரை இறக்கியது. பிறகு சேத் லவர் என்ற பொறியாளர், இரைச்சலைக் குறைக்க இரண்டு சுருள்களை ஜோடி சேர்த்த பிக்கப்பை உருவாக்கினார். 1957-இல் லெஸ் பாலில் அதை மாட்டினார்கள். 1958-இல் மேற்புறத்துக்கு மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம் கொடுத்தார்கள். அப்படியும் ஓடவில்லை. கனம் அதிகம், பழைய பாணி என்று வாடிக்கையாளர்கள் ஒதுக்கினார்கள். 1960-இன் முடிவில் அந்த வடிவத்தையே நிறுத்தினார்கள். அந்த நிறத்தில் செய்தது இரண்டாயிரத்துக்கும் குறைவு.

லண்டனில் எரிக் கிளாப்டன் ஃப்ரெடி கிங்கின் ஆல்பம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிங் கையில் ஒரு லெஸ் பால், பொன்னிறம். 1965-இல் சேரிங் கிராஸ் சாலைக் கடை ஒன்றில் எரிக்குக் கிடைத்தது லெஸ் பால்தான், ஆனால் மஞ்சள்-சிவப்பு. யாரோ கைவிட்ட, கம்பெனி கைவிட்ட கிட்டார். அதை மார்ஷல் ஆம்பில் செருகி, ஸ்டூடியோவில் வழக்கமில்லாத அளவுக்குச் சத்தத்தை ஏற்றி வாசித்தார். 1966-இல் ஜான் மேயால் குழுவின் ஆல்பமாக அது வெளிவந்தது. கனமான கட்டை, இரட்டைச் சுருள், நகலெடுக்கப் போய்த் தவறிய ஆம்ப். இவை ஒன்றையொன்று சந்திக்கும் என்று எந்தப் பொறியாளரும் திட்டமிடவில்லை. அந்தக் கிட்டாரும் அதே ஆண்டு திருடுபோனது.

கிப்சன் 1968-இல் லெஸ் பாலைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. அன்று 250 டாலர் அளவில் விற்காமல் தேங்கிய 1958-60 கிட்டார்கள் இன்று பல லட்சம் டாலருக்குக் கைமாறுகின்றன. அதை வாங்குகிறவர்கள் மரத்துக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. ஒரு 20 வயதுப் பையன் செகண்ட்ஹேண்ட் கடையில் கண்டெடுத்த தற்செயலுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இந்தக் கதையில் இல்லாதவர்கள்

இதுவரை படித்தால் ஒரு இனிப்பான முடிவு தயாராக நிற்கும்: பஞ்சம்தான் கலையை வளர்க்கும், மோசமான கிட்டார்தான் நல்ல கலைஞனை உண்டாக்கும். அதை ஏற்க முடியாது.

நான் பெயர் சொன்னவர்கள் எல்லாம் தப்பிப் பிழைத்தவர்கள். அன்று விற்ற மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் கம்பி பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்கும். அழுத்தினால் விரல் கிழியும். கழுத்து வளைந்திருந்தால் சுரம் எப்படி வைத்தாலும் சேராது. சுருதி சேராத வாத்தியத்தில் பழகும் பிள்ளை வாத்தியத்தைக் குறை சொல்லாது, தனக்குக் காது இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அப்படிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய கிட்டார்களுக்கு வரலாறு கிடையாது. அண்ணன் இல்லாத வீட்டில் கழன்ற கழுத்து கழன்றேதான் கிடந்திருக்கும். ஹெரால்ட் மே போன்ற அப்பா எத்தனை பேருக்கு வாய்ப்பார்? கையெழுத்துப் போட மறுத்த வீடுகள் எத்தனை? இந்தக் கதை முழுக்கப் பையன்களாகவே வருகிறார்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள். பெண்பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் போயிருக்காது.

ஆகவே கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் யாரும் சரியான கிட்டாரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்ததை எடுத்து, அதில் எது முடியாது என்று கண்டுபிடித்து, முடிகிறதை வைத்து வேலை செய்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு விஷயம் குறைந்தபட்சம் தேவைப்பட்டது. வாசிக்க விடுகிற அளவுக்காவது ஒரு கருவி. கூட நிற்கிற ஒரு ஆள்.

முதலாவது இன்று எவ்வளவோ பரவாயில்லை. எழுபதுகளில் ஜப்பான் பட்டறைகள் அமெரிக்கக் கிட்டார்களின் நகலை அசல் முதலாளிகளே பயப்படும் தரத்தில் செய்தன. 1982-இல் ஃபெண்டரே ஜப்பானில் செய்வித்து, ஸ்குயர் என்ற பெயரில் விலை குறைந்த ஸ்ட்ராட்டை விற்க ஆரம்பித்தது. இன்று ஆரம்ப விலைக் கிட்டார்கூட ஜார்ஜின் ஃப்யூச்சுராமாவை விட வாசிக்கச் சுலபமாக இருக்கும்.

அதனால் கடைக்குப் போகிறவர் பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் சில சின்னச் சோதனைகள் செய்யலாம். பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், நேராக இருக்கிறதா? சுருதி சேர்த்துவிட்டு ஐந்து நிமிஷம் வாசித்துத் திரும்பப் பாருங்கள், நிற்கிறதா? கையிலிருக்கும் காசை மொத்தமாகக் கிட்டாரில் கொட்டிவிடாமல் ஆம்புக்கும் ஒதுக்குங்கள். மறுபாதி அதுதான். கம்பியை மாற்றிப் பாருங்கள். பர்ட்டனின் ரகசியத்தில் பாதி ஒரு பான்ஜோ கம்பிக் கட்டின் விலையில் கிடைத்தது.

உங்களுக்குப் பிடித்தவரின் மாடலே வேண்டும் என்று தோன்றினால் அதுவும் தப்பில்லை. ஹேங்கும் கிளாப்டனும் அப்படித்தான் தொடங்கினார்கள். இருவருக்கும் கேட்டது கிடைக்கவில்லை, பக்கத்தில் இருந்த ஒன்றுதான் கிடைத்தது. அதோடு சமாதானமாகி உட்கார்ந்து சாதகம் செய்தார்கள். இரண்டாவது விஷயம், கூட நிற்கிற ஆள், கடையில் கிடைக்காது. அது நம்மில் யாரோ ஒருவர், ஒரு தம்பிக்கோ மகளுக்கோ கையெழுத்துப் போடும்போது நடப்பது.